தோட்டப்புறத்தில் ஓர் அஜைல் குழு: முதல் மூன்று மாதத்தைத் தாண்டும் வழி

மலேசியாவின் கெடா மாநிலத்தில் சுங்கைப்பட்டாணி, பீடோங், பாடாங் செராய் பக்கம் இருந்துகொண்டே நான்கைந்து பேராகச் சேர்ந்து மென்பொருள் வேலை எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடைவீட்டு மாடியில் அலுவலகம் இருக்கும். வேலை கொடுப்பது பக்கத்துத் தோட்டமோ, எண்ணெய் ஆலையோ, கூட்டுறவுச் சங்கமோ. விலைப்பட்டியலில் 'அஜைல் முறையில் செய்து தரப்படும்' என்று ஒரு வரி போட்டிருப்பீர்கள். அஜைல் என்றால் மென்பொருளைச் சின்னச் சின்னத் துண்டாகச் செய்து, அடிக்கடி காட்டி, கேட்டுத் திருத்திக்கொண்டே போவது. அந்த வரியை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் விஷயம். செம்பனைத் தோட்டம் ஒன்றுக்கு அறுவடைக் கணக்குச் செயலி செய்த குழுவை நடத்தியதில் நான் பட்ட பாடு போதும், நீங்களும் படவேண்டாம்.

கூட்டம் போடுவதும் பலகையில் வேலைச் சீட்டு ஒட்டுவதும் ஒரு வாரத்தில் பழகிவிடும். குழு ஓடுகிறதா நொண்டுகிறதா என்பதை வேறு மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன. முடிவெடுக்க ஒரே ஆள் இருக்கவேண்டும். பயன்படுத்தப்போகிறவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்ததைத் தொட்டுப் பார்க்கவேண்டும். குழுவில் வயதில் சின்னவர் 'இது ஓடாதுண்ணே' என்று பயமில்லாமல் சொல்லமுடியவேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த மூன்றுக்காகத்தான்.

1. முடிவெடுப்பவர் யார் என்று கடிதம் வாங்குங்கள்

தோட்டத்தில் கையெழுத்துப் போடுபவர் மேனேஜர். செயலியைத் தினமும் தட்டப்போவது பெரிய கிராணியும் (அலுவலகத் தலைமை எழுத்தர்) மண்டோர்களும் (வேலையாட்களை மேய்ப்பவர்கள்). காசு வருவது கோலாலம்பூர் தலைமையகத்திலிருந்து. அங்கே ஒரு கணினிப் பிரிவு இருக்கும், அவர்களுக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கும். மூன்று பக்கமும் கேட்டு எழுதிக்கொண்டு வேலையைத் தொடங்கினால் மூன்று மென்பொருள் செய்யவேண்டி வரும்.

அஜைலில் பலரும் பின்பற்றும் ஸ்க்ரம் முறையில் இந்த இடத்துக்கு 'ப்ராடக்ட் ஓனர்' என்று பெயர். 2020ஆம் ஆண்டுப் பதிப்பான ஸ்க்ரம் வழிகாட்டி இதைத் தெளிவாகச் சொல்கிறது: அது ஒரே ஆள், கமிட்டி இல்லை. என் கணிப்பில் தோட்ட வேலைக்கு ஏற்றவர் பெரிய கிராணிதான். செக்ரோல் (ஆள்வருகை, சம்பளப் பதிவேடு) எங்கே இடிக்கும், எந்த மண்டோர் எப்படிக் கணக்கு எழுதுவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் அவரிடம் எதைக் கேட்டாலும் 'மேனேஜரைக் கேட்டுச் சொல்றேன்' என்பார். குற்றம் அவருடையது அல்ல, அவருக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை. அதனால் மேனேஜர் கையெழுத்தில் ஒரு பக்கக் கடிதம் வேண்டும். அதில் இருக்கவேண்டியவை:

- எந்த வேலை முதலில், எது பிறகு என்று முடிவெடுப்பவரின் பெயரும் பதவியும்
- மேலே கேட்காமல் எதுவரை அவரே முடிவு செய்யலாம்
- வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உங்களுக்கு ஒதுக்குவார் (மூன்று மணி நேரத்துக்குக் குறைவென்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்)
- அவர் விடுப்பில் போனால் யார்

பதவியையும் சேர்த்து எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தோட்டங்களில் மாற்றல் சகஜம். ஆள் மாறினால் கடிதம் செல்லாது என்று ஆகிவிடக்கூடாது. தலைமையகத்துக்கு ஒரு நகல் போகட்டும். இந்தக் கடிதம் கைக்கு வர இரண்டு வாரம்கூட ஆகலாம். வரும்வரை ஒரு வரி நிரல்கூட எழுதவேண்டாம். 'நீங்க ஆரம்பிங்க, கடிதம் பின்னால வரும்' என்று எத்தனை பேர் சொன்னாலும் சரி.

2. ஒப்பந்தத்தை ஸ்பிரிண்ட் கணக்கில் போடுங்கள்

பெரும்பாலான குழுக்கள் விழுவது இங்கேதான். முழு மென்பொருளையும் 80 பக்கத்தில் விவரித்து, மொத்த விலை ஒன்றைச் சொல்லி, மூன்று தவணையில் பணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், அதற்குப் பிறகு அஜைல் என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டாவது மாதம் கிராணி 'இந்தப் பக்கம் வேண்டாம், அந்தப் பக்கம்தான் அவசரம்' என்பார். நீங்கள் ஒப்பந்தத்தைக் காட்டுவீர்கள். அப்புறம் பேசுவது வக்கீல் பாணியில்தான்.

மாற்று வழி: இரண்டு வாரத்துக்கு ஒரு விலை. இப்படிக் காலம் குறித்த ஒரு வேலைச் சுற்றுக்குத்தான் ஸ்பிரிண்ட் என்று பெயர். அந்த இரண்டு வாரத்தில் எதைச் செய்வது என்பதைக் கிராணி வரிசைப்படுத்துவார். ஒவ்வொரு ஸ்பிரிண்ட் முடிவிலும் ஒரு பில், 14 நாளில் பணம். எந்தப் பக்கமும் ஒரு ஸ்பிரிண்ட் முன்னறிவிப்பு கொடுத்து நிறுத்திக்கொள்ளலாம். 'கடைசியில் மொத்தம் எவ்வளவு ஆகும்' என்று தலைமையகம் கேட்கும், அது நியாயமான கேள்வி. ஆறு ஸ்பிரிண்டுக்கு உச்சவரம்பு ஒன்றை எழுதிக்கொடுங்கள். உச்சவரம்பைத் தொட்டால் மறுபடி பேசுவோம் என்றும் எழுதுங்கள்.

விலை எப்படிப் போடுவது? ஓர் உதாரணக் கணக்கு. ஐந்து பேர், சராசரிச் சம்பளம் 3,500 வெள்ளி (ரிங்கிட்) என்றால் மாதம் 17,500. 5,000 வெள்ளிக்கு உட்பட்ட சம்பளத்துக்கு முதலாளி தரப்பு ஊழியர் சேமநிதி 13 சதவீதம், அதாவது 2,275. இதுவே 19,775 ஆகிவிட்டது. பாதி மாதத்துக்கு ஏறக்குறைய 9,900. சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா), வாடகை, இணையம், தோட்டத்துக்குப் போய்வரும் பெட்ரோல் இன்னும் சேரவில்லை. இந்த அளவுக் குழு ஒரு ஸ்பிரிண்டை 12,000 வெள்ளிக்குக் கீழே சொன்னால் கைக்காசைப் போட்டுத்தான் நடத்தவேண்டும்.

கையில் வைத்திருக்கவேண்டிய தாள்கள்: எஸ்எஸ்எம் (நிறுவனப் பதிவு ஆணையம்) தரும் பதிவுச் சான்றிதழ், நிறுவனப் பெயரில் வங்கிக் கணக்கு, ஒப்பந்தம், மேலே சொன்ன கடிதம். தனிநபர் வணிகத்தைச் சொந்தப் பெயரில் பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் என்றால் 60 வெள்ளி. தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிந்துவிடவேண்டும். செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுத்த கம்பெனி) என்றால் பதிவுக் கட்டணம் மட்டும் 1,000 வெள்ளி, கம்பெனி செயலாளருக்குத் தனிச் செலவு. பெரிய தோட்ட நிறுவனம் தனிநபர் வணிகத்தோடு ஒப்பந்தம் போடுமா என்பதை விலை சொல்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தான 30 நாளுக்குள் முத்திரை வரி கட்டவேண்டும். தாமதித்தால் அபராதம். அதோடு, பின்னால் தகராறு வந்தால் முத்திரையில்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் காட்டமுடியாது.

3. ஆள் சேர்ப்பு: சின்னக் குழு, முழு நேரம்

ஸ்க்ரம் குழு பொதுவாகப் பத்துப் பேருக்கு மேல் போகாது. என்னைக் கேட்டால் இந்த மாதிரி வேலைக்கு ஐந்தே தாராளம். ஐந்து பேருக்குள் பேசிக்கொள்ள 10 ஜோடிதான். ஒன்பது பேர் ஆனால் 36 ஜோடி. விஷயம் ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்குப் போவதற்குள் திரிந்துவிடும்.

ஏய்ம்ஸ்ட், வட மலேசியப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களிலிருந்து பயிற்சி மாணவர்கள் கிடைப்பார்கள். நல்ல பிள்ளைகள். ஆனால் பயிற்சி மாணவரை முழு ஆளாகக் கணக்கில் சேர்த்து வேலையை ஒத்துக்கொள்ளாதீர்கள். முதல் மாதம் அவருக்குச் சொல்லிக்கொடுப்பவரின் நேரமும் சேர்ந்தே போகும். அதேபோல, பினாங்கில் பகல் வேலை பார்த்துக்கொண்டு இரவில் உங்களுக்குக் கைகொடுப்பவரை நம்பி ஸ்பிரிண்ட் போடவேண்டாம். எட்டு மணிக்கு மேல் பாலம் தாண்டி வருகிறவரிடம் என்ன எதிர்பார்ப்பது?

முதல் ஊழியரைச் சேர்த்த ஏழு நாளுக்குள் சேமநிதியில் பதியவேண்டும், சொக்சோவுக்கு 30 நாள். சேமநிதிப் பணம் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள்.

வேலை தாமதமாகிவிட்டது என்று நடுவில் இரண்டு பேரைக் கொண்டுவந்து போட்டால் இன்னும் தாமதமாகும். இது மென்பொருள் உலகில் அரை நூற்றாண்டாகத் தெரிந்த சங்கதி, ஆனாலும் வாடிக்கையாளர் நெருக்கும்போது எல்லோருக்கும் மறந்துபோகும்.

4. நாட்காட்டியை விரித்துவைத்து நாள் குறியுங்கள்

கெடாவில் அரசாங்க அலுவலகங்களுக்கு வெள்ளி, சனி விடுமுறை. கோலாலம்பூருக்குச் சனி, ஞாயிறு. இரண்டு பக்கமும் வேலையில் இருப்பது திங்கள் முதல் வியாழன் வரைதான். அதனால் ஸ்பிரிண்ட் முடிவை வெள்ளிக்கிழமையில் வைக்கும் வழக்கமான ஆலோசனை நமக்கு ஒத்துவராது. செவ்வாய் காலை ரிவியூ (செய்ததை வாடிக்கையாளருக்குக் காட்டும் கூட்டம்), அன்று பிற்பகல் ரெட்ரோ (எப்படி வேலை செய்தோம் என்று குழு தனக்குள் பேசும் கூட்டம்), புதன் காலை அடுத்த ஸ்பிரிண்ட் திட்டமிடல் என்று வையுங்கள். ரிவியூவுக்கு முந்தைய நாள் திங்கள் என்பதால் ஏதாவது இடித்தால் எல்லோரையும் பிடிக்கமுடியும்.

இரண்டு வார ஸ்பிரிண்டை நான் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஒரு பீல்டில் (தோட்டப் பிரிவு) செம்பனைக் குலை வெட்டினால் அதே பீல்டுக்கு மறுபடி வர 10 முதல் 15 நாள் ஆகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதிதாக ஒன்று கொடுத்தால், ஏறக்குறைய ஒவ்வொரு சுற்றிலும் அதே மண்டோர், அதே பீல்டில், போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் வித்தியாசம் சொல்லமுடியும்.

இப்போது பெரிய பொறி: மாதக் கடைசி. செக்ரோல் மூடும் நேரம். வேலைச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்த ஏழாவது நாளுக்குள் சம்பளம் போட்டாகவேண்டும். 28ஆம் தேதியிலிருந்து 7ஆம் தேதிவரை பெரிய கிராணியிடம் போய் 'அண்ணே, ஒரு அரை மணி நேரம்' என்று நிற்பது வீண். அதற்காக ஸ்பிரிண்ட் நாளை இழுத்தடிக்கவும் வேண்டாம். தாளம் ஒருமுறை தப்பினால் திரும்பப் பிடிப்பது கஷ்டம். அந்த வாரத்தில் ரிவியூ வந்தால் மண்டோர்களுக்கோ எடைப்பாலக் கிராணிக்கோ காட்டக்கூடிய வேலையை முன்கூட்டியே அந்த ஸ்பிரிண்டில் எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தைத் தொடும் எந்தப் புதுப் பதிப்பையும் அந்தப் பத்து நாளில் ஏற்றாதீர்கள். இதை ஒப்பந்தத்திலேயே எழுதலாம், கிராணி உங்களைக் கும்பிடுவார்.

நோன்பு மாதத்தில் கூட்டங்களைக் காலையில் முடித்துவிடுங்கள். சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி வரும் வாரங்களில் பாதி வேலைதான் நடக்கும் என்று வைத்தே திட்டமிடுங்கள். தைப்பூசத்துக்குக் கெடாவில் என்ன அறிவிப்பு என்று அந்தந்த ஆண்டு பார்த்துக்கொள்ளுங்கள். விடுமுறை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நம் பிள்ளைகள் வரமாட்டார்கள்.

கூட்டங்களுக்கான நேர உச்சவரம்பு இரண்டு வார ஸ்பிரிண்டுக்கு இப்படி வரும்: திட்டமிடல் 4 மணி நேரம், ரிவியூ 2 மணி நேரம், ரெட்ரோ ஒன்றரை மணி நேரம், தினக்கூட்டம் 15 நிமிடம். ஒரு மாத ஸ்பிரிண்டுக்கு ஸ்க்ரம் வழிகாட்டி சொல்வதில் இது பாதி, தினக்கூட்டம் மட்டும் மாறாது.

5. வேலையை நெடுக்காக நறுக்குங்கள்

பேக்லாக் என்பது செய்யவேண்டியவற்றின் வரிசை. அதில் முதல் சீட்டாக இப்படி ஒன்று வரும்: 'மண்டோர் தன் போனில் வெட்டிய குலைக் கணக்கைப் பதிவார்; சிக்னல் வந்ததும் அலுவலகத்துக்கு ஏறும்; காய்க்குலைக்கு அபராதம் கழியும்; உதிரிப் பழ மூட்டை சேரும்; சம்பளத்தோடு ஒட்டும்.' இது ஒரு சீட்டு அல்ல, மூன்று மாத வேலை.

நறுக்கச் சொன்னால் புதியவர்கள் குறுக்காக நறுக்குவார்கள். முதல் ஸ்பிரிண்டில் தரவுத்தளம், இரண்டாவதில் சர்வர், மூன்றாவதில் திரை. ஆறு வாரம் போயும் கிராணியிடம் காட்ட ஒன்றும் இருக்காது. நெடுக்காக நறுக்குவது இப்படி: முதல் ஸ்பிரிண்டில் ஒரே ஒரு மண்டோர், ஒரே பீல்டு, குலை எண்ணிக்கை மட்டும், பதிந்தது போனிலேயே இருக்கட்டும், சாயங்காலம் அலுவலகத்தில் வந்து திறந்து காட்டட்டும். அடுத்ததில் தானாக ஏறுவது. அதற்கடுத்து காய்க்குலை. உதிரிப் பழம் அப்புறம். ஒவ்வொன்றும் சின்னது, ஆனால் ஒவ்வொன்றும் தோட்டத்தில் ஓடும்.

முதல் நறுக்கை எடுத்துக்கொண்டு ஒரு காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போங்கள், குழு முழுவதும். ஆறு மணிக்கு முன்பே போகவேண்டியிருக்கும். அலுவலகத்தில் உட்கார்ந்து யோசித்தால் தெரியாதவை அங்கே தெரியும். நாங்கள் போன தோட்டத்தில் மழைக்காக மண்டோர்கள் போனை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, பைக்கு மேலேயே விரலால் தட்டினார்கள். நாங்கள் செய்திருந்த சின்னச் சின்னப் பொத்தான்கள் எதுவும் எடுக்கவில்லை. ஒரு மண்டோரின் போனில் தேதியே முந்தாநாள் தேதி. அதை அவர் கண்டுகொண்டதே இல்லை. போன் தேதியை நம்பிப் பதிவு செய்தால் செக்ரோல் என்னவாகும்? இந்த இரண்டையும் எந்தத் தேவைப்பட்டியலும் சொல்லியிருக்காது. குலை வெட்டுபவர்களில் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் உண்டு என்பதால், அவர்களுக்குக் காட்டும் திரையில் எழுத்தைக் குறைத்து எண்ணையும் படத்தையும் கூட்டுங்கள்.

6. 'முடிந்தது' என்றால் என்ன என்று சுவரில் ஒட்டுங்கள்

'முடிஞ்சிருச்சுண்ணே, டெஸ்ட் மட்டும்தான் பாக்கி.' 'தொண்ணூறு சதவீதம் ஆச்சு.' இந்த இரண்டு வாக்கியமும் அலுவலகத்தில் கேட்டால் உங்களிடம் 'முடிந்தது' பட்டியல் இல்லை என்று அர்த்தம். ஒரு பக்கம் போதும். எங்களுடையது ஏறக்குறைய இப்படி: எழுதியவர் அல்லாத ஒருவர் நிரலைப் படித்துவிட்டார், தானியங்கிச் சோதனைகள் எல்லாம் தேறின, மண்டோர் வைத்திருக்கும் அதே மலிவு ஆண்ட்ராய்டு போனில் ஓடியது, போனை விமானப் பயன்முறையில் வைத்துப் பதிந்து, பிறகு சிக்னல் கொடுத்தபோது ஒரு பதிவும் இரட்டிக்கவில்லை, வெயிலில் வெளியே கொண்டுபோய் நின்றபோது திரை தெரிந்தது, கிராணி தன் கையால் ஒருமுறை செய்து பார்த்தார்.

இதில் ஒன்று குறைந்தாலும் அந்தச் சீட்டு பலகையில் 'முடிந்தது' பத்திக்குப் போகாது. பாதி மதிப்பெண் கிடையாது. ரிவியூவில் காட்டவும் கூடாது. முதல் இரண்டு ஸ்பிரிண்டில் 'முடிந்தது' பத்தி காலியாகவே இருக்கலாம். பார்க்கச் சங்கடமாக இருக்கும். அந்தச் சங்கடத்தைப் பொறுத்துக்கொண்ட குழுதான் மூன்றாவது ஸ்பிரிண்டில் சீட்டைச் சின்னதாக நறுக்கக் கற்றுக்கொள்கிறது. பட்டியலைத் தளர்த்தியவர்கள் ஆறாவது மாதம் பழைய வேலையைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள்.

அதிகமாகத் திறந்து வைக்காதீர்கள். ஐந்து பேர் குழுவில் ஒரே நேரத்தில் மூன்று சீட்டுக்கு மேல் 'நடக்கிறது' பத்தியில் இருக்கக்கூடாது. நான்காவதைத் தொட நினைப்பவர் போய் மூன்றில் ஒன்றுக்குக் கைகொடுக்கட்டும்.

7. தினக்கூட்டம் பெரட்டு அல்ல

பெரட்டில் மண்டோர் பெயர் கூப்பிடுவார், ஆள் கை தூக்குவார், இன்றைக்கு எந்த பீல்டு என்று உத்தரவு வரும். தினக்கூட்டமும் நம்மிடம் சீக்கிரமே இப்படி மாறிவிடுகிறது: ஒவ்வொருவரும் முதலாளி முகத்தைப் பார்த்து நேற்று செய்ததை ஒப்பிப்பார்கள், மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இதை மாற்ற ஆளை வரிசையாகக் கேட்பதை விட்டுவிட்டுச் சீட்டை வரிசையாகக் கேளுங்கள். முடிவுக்கு மிக அருகில் இருக்கும் சீட்டில் தொடங்கி, 'இது இன்றைக்கு முடிய என்ன தடை?' என்று மட்டும் கேட்கவேண்டும். முதலாளி ஒரு மூலையில் நிற்கட்டும். இரண்டு வாரம் வராமல் இருந்தால் இன்னும் நல்லது. பதினைந்து நிமிடத்தில் தீராததைச் சம்பந்தப்பட்ட இருவர் பிறகு டீக்கடையில் பேசிக்கொள்ளலாம்.

8. ரெட்ரோ: வயதில் மூத்தவர் கடைசியில் பேசட்டும்

கூகிள் தன் சொந்தக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக ஓடும் குழுக்களில் முதலிடம் பிடித்தது ஆட்களின் திறமை அல்ல. தப்பாகப் பேசினாலும் யாரும் தன்னைச் சிறுமைப்படுத்தமாட்டார்கள் என்ற தைரியம்தான் முதலில் வந்தது. நம் ஊரில் இது இரட்டை மடங்கு கடினம். குழுவில் பாதிப்பேர் ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள், ஒருவர் இன்னொருவருக்கு மாமா முறை, எல்லோருக்கும் மூத்த ஓர் அண்ணன். அண்ணன் 'ரெண்டு நாள்ல முடிச்சிடலாம்ல?' என்று கேட்டால் தம்பி 'பார்க்கலாம்ணே' என்பான். அது 'முடியாது' என்பதன் மரியாதையான வடிவம் என்று அண்ணனுக்கும் தெரியும். தெரிந்தும் கணக்கில் இரண்டு நாள் என்றே எழுதிவிடுகிறோம்.

மரியாதையை விடச் சொல்லவில்லை, சொன்னாலும் நடக்காது. அதைச் சுற்றிப்போக வழி இருக்கிறது. ரெட்ரோவில் முதல் பத்து நிமிடம் யாரும் பேசாமல் சீட்டில் எழுதவேண்டும், பெயர் வேண்டாம். கலந்துபோட்டு ஒருவர் படிக்கட்டும். பேச்சு வயதில் சின்னவரிடம் தொடங்கி மேலே போகட்டும். நேர மதிப்பீட்டுக்கும் இதே விதி: எல்லோரும் எண்ணை எழுதிவைத்து ஒரே நேரத்தில் திருப்பிக் காட்டுங்கள். தம்பி எட்டும் அண்ணன் இரண்டும் காட்டினால், தம்பிக்கு என்ன தெரிகிறது என்று கேட்க ஒரு சாக்கு கிடைத்துவிட்டது.

ரெட்ரோவில் வாடிக்கையாளர் தரப்பு வேண்டாம். அங்கே பேசியது வெளியே போகவும் கூடாது, சின்ன ஊரில் இதற்கு உறுதி கொடுத்தாலே பாதிப் பயம் போகும். முடிவில் ஒரே ஒரு மாற்றம், அதற்கு ஒருவர் பெயர், அது அடுத்த ஸ்பிரிண்டின் பேக்லாக்கில் ஒரு சீட்டு. ஏழு தீர்மானம் போடும் ரெட்ரோவும் ஒன்றுமே போடாமல் ரொட்டி சானாயோடு முடியும் ரெட்ரோவும் ஒன்றுதான்.

9. கருவிகளுக்கும் சான்றிதழுக்கும் எவ்வளவு

முதல் ஆண்டு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. வேலைச் சீட்டுகளைக் கணினியில் வைக்கும் ஜிராவின் இலவசத் திட்டம் பத்துப் பேர் வரை. நிரலைச் சேமித்துவைக்கும் கிட்ஹப்பில் தனியார் களஞ்சியம் இலவசம். தானியங்கிச் சோதனை ஓட்ட மாதம் 2,000 நிமிடம் கிடைக்கும். எல்லோரும் ஒரே அறையில் இருந்தால் ஜிராகூட வேண்டாம், சுவரும் ஒட்டுச்சீட்டும் போதும். வாட்ஸ்அப்பில் வரும் கோரிக்கைகள்தான் பொறி: கிராணி இரவு ஒன்பது மணிக்குக் குரல் செய்தி அனுப்புவார், ஒருவர் கேட்டுவிட்டுத் தானாகவே செய்துவிடுவார். சீட்டாக மாறாத கோரிக்கை வேலையே இல்லை என்று முதல் நாளே கிராணியிடம் பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

காசு போடவேண்டியது இரண்டு இடத்தில். மண்டோர்கள் வைத்திருப்பது போன்ற இரண்டு மலிவு போன்கள். புத்தம் புதிதாக வேண்டாம், பழையதே நல்லது. அலுவலக இணையம் அறுந்தால் சமாளிக்க வேறொரு நிறுவனத்தின் ப்ரீபெய்டு சிம்.

ஸ்க்ரம் மாஸ்டர் (குழு ஸ்க்ரம் முறைப்படி நடக்க உதவுபவர்) சான்றிதழ் பற்றிக் கேட்பார்கள். அதில் ஒன்றான பிஎஸ்எம் முதல் நிலைத் தேர்வு 200 அமெரிக்க டாலர். 80 கேள்வி, 60 நிமிடம், 85 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. வீட்டிலிருந்தே எழுதலாம், வகுப்புக் கட்டாயமில்லை. டெண்டரில் கேட்டால் மட்டும் ஒருவர் எழுதட்டும். ஸ்க்ரம் வழிகாட்டியே இணையத்தில் இலவசம், 14 பக்கத்துக்குள் அடங்கிவிடும். உங்கள் நிறுவனத்தில் பத்து மலேசிய ஊழியர் ஆகிவிட்டால் எச்ஆர்டி கார்ப்புக்கு (மனிதவள மேம்பாட்டு நிறுவனம்) சம்பளத்தில் 1 சதவீத லெவி கட்டவேண்டி வரும். ஐந்து முதல் ஒன்பது பேர் என்றால் விருப்பப்பட்டு 0.5 சதவீதம். கட்டியவர்கள் பயிற்சிக்கு மானியம் கேட்கலாம். விண்ணப்பம் பயிற்சி தொடங்கும் முன்பே போகவேண்டும், முடித்துவிட்டுக் கேட்டால் கிடைக்காது.

10. தொழிலாளர் விவரத்தை மடிக்கணினியில் சுமக்காதீர்கள்

சோதனைக்கு வேண்டும் என்று கேட்டால் கிராணி முழுச் செக்ரோலையும், அடையாள அட்டை எண், பாஸ்போர்ட் எண், சம்பளம் எல்லாவற்றோடும், ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிடுவார். வாங்காதீர்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2024இல் திருத்தப்பட்டு, 2025 ஜூன் முதல் தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்கு அறிவிக்கவேண்டும் என்றாகிவிட்டது. அலுவலகத்திலேயே உட்கார்ந்து பெயரையும் எண்களையும் மாற்றியபிறகு எடுத்துவாருங்கள். ஒரு மணி நேர வேலை.

11. ஆறு ஸ்பிரிண்டுக்குப் பிறகு எதைப் பார்ப்பது

எத்தனை புள்ளி (வேலையின் அளவுக்குக் குழு போடும் மதிப்பீட்டு எண்) முடித்தோம் என்ற கணக்கை வாடிக்கையாளருக்கு அனுப்பாதீர்கள். ஒருமுறை அனுப்பினால் அடுத்த மாதம் 'ஏன் குறைந்தது?' என்று கேட்பார்கள். குழுவும் புள்ளியை ஊதிப் பெருக்கக் கற்றுக்கொள்ளும். பார்க்கவேண்டியது வேறு. கிராணி ஒன்றைக் கேட்ட நாளிலிருந்து அது மண்டோர் கையில் ஓடும் நாள்வரை எத்தனை நாள்? ஏற்றிய பதிப்புகளில் எத்தனையைத் திருப்பி எடுத்தீர்கள்? முதலாவது குறைந்து, இரண்டாவது கூடாமல் இருந்தால் சரியாகப் போகிறது. கிராணி ரிவியூவுக்குத் தன் ஆளை அனுப்பாமல் தானே வருகிறாரா என்பதையும் கவனியுங்கள்.

மூன்று மாதம் கழித்தும் கடிதத்தில் உள்ளவர் முடிவெடுக்கவில்லை, ரிவியூவுக்கு யாரும் வருவதில்லை என்றால் ஒரு ஸ்பிரிண்ட் முன்னறிவிப்பு கொடுத்து நிறுத்துங்கள். அதற்குத்தான் அந்த வரியை ஒப்பந்தத்தில் எழுதியது. நிறுத்தும்போது கடைசி ஸ்பிரிண்டைப் புது வேலைக்குச் செலவிடாமல், நிரல், கடவுச்சொற்கள், சர்வர் கணக்கு ஆகியவற்றை ஒப்படைக்க ஒதுக்குங்கள். ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றாகப் போனால் பக்கத்துத் தோட்டமும் கூப்பிடும். ஐந்து பேரை மூன்று, இரண்டு என்று பிரித்து இரண்டு இடத்துக்கும் ஓடத் தோன்றும். பிரிக்காதீர்கள். ஒரே குழு, ஒரே பேக்லாக்; இந்த ஸ்பிரிண்ட் அந்தத் தோட்டத்துக்கு, அடுத்தது இந்தத் தோட்டத்துக்கு என்று மாற்றி மாற்றி எடுக்கலாம். இரண்டாவது தோட்டத்துக்கு விலை சொல்லும்போது அவர்களுடைய வேலை எப்போது தொடங்கும் என்ற தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள், அது ஆறு வாரம் தள்ளி இருந்தாலும்.